வெட்டிய வரிகள் வந்து சேர்ந்த ஊர்

தெய்வநாயகம் அண்ணாச்சி தன் பத்திரிகையில் வெட்டிப் போட்ட சிரிப்பு ஒன்று, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், எங்கள் ஊர் ரேஷன் கடை வரிசையில், போஸ்ட்மாஸ்டர் வீட்டு ஆவுடையம்மாளின் வாயிலிருந்து வெளியே வந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டே சிரித்துப் பழகிய அந்த அம்மாள், மண்ணெண்ணெய் டின்னைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றி, அண்ணாந்து, கடைக்காரன் தராசுத் தட்டு ஆடுகிற அளவுக்குச் சிரித்தாள்; அவளுக்குப் பின்னால் நின்றவள் சிரித்தாள், அவளுக்கும் பின்னால் நின்றவள் சிரித்தாள், வரிசையின் கடைசியில் நின்ற நான் சிரித்தேன், அப்புறம் அது தெருவில் இறங்கி வீடு வீடாகப் புகுந்து, உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தவர்களையும் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தவர்களையும் சிரிக்க வைத்துவிட்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தானாக அடங்கியது. டீ குடிக்க வெளியே வந்திருந்த அச்சாபீஸில் ஈய எழுத்துக் கோக்கிற கம்பாசிட்டர் இசக்கிமுத்து, கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டான்.

"இது நான் நேத்து கோத்த சிரிப்புல்லா," என்றான். "காலையில அண்ணாச்சி அத வெட்டிட்டு, 'புன்னகைத்தாள்'னு போடச் சொன்னாவ."

யாரும் அதிசயப்படவில்லை. எங்கள் ஆலங்குறிச்சிக்காரர்கள் முன்பின் தெரியாத ஒன்று வாசலில் வந்து நின்றால் முதலில் உட்கார நாற்காலி போட்டுவிட்டு அப்புறம்தான் யாரென்று கேட்பார்கள். சிரிப்பு எப்படி ஈயத்திலிருந்து இறங்கி ரேஷன் கடைக்கு வந்தது என்று ஆராய ஒருவருக்கும் நேரமில்லை. அடுத்த செவ்வாய் என்ன வரும் என்பதுதான் எல்லாருக்கும் கவலை.

அண்ணாச்சியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர் நடத்திய 'மனைச்சுடர்' வாரப் பத்திரிகை எங்கள் ஜில்லாவில் கல்யாணச் சீரில் வைக்கிற பத்திரிகை. அண்டா, குடம், குத்துவிளக்கு, அதற்குப் பக்கத்தில் ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு 'மனைச்சுடர்' ஓராண்டுச் சந்தா ரசீது. பெண்ணைக் கொடுக்கிறவர்கள் அதை வைக்காவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் முகம் சுண்டிப்போகும். மருமகள் கைக்குப் போகிற பத்திரிகை என்பதால் அண்ணாச்சி பச்சைப் பென்சிலோடு உட்கார்ந்து காவல் காத்தார். அவர் பத்திரிகையில் எந்தப் பெண்ணும் புருஷனுக்கு முந்திச் சாப்பிட்டதில்லை, காலை நீட்டி உட்கார்ந்ததில்லை, மாமியாருக்கு எதிரே கொட்டாவி விட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணீர் வடித்தாள், சந்தோஷம் வந்தாலும் கண்ணீர் வடித்தாள், பசி வந்தால் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தாள். கதைகளைக் கையெழுத்தில் அவர் படிக்க மாட்டார். கையெழுத்தில் எல்லாப் பெண்களும் அடக்கமாகத்தான் இருப்பார்கள், ஈயத்தில் வந்தால்தான் சுயமுகம் தெரியும் என்பது அவருடைய சித்தாந்தம். அதனால் வருகிற கதையை வந்தபடியே இசக்கிமுத்து கோத்துவிடுவான். செவ்வாய்க்கிழமை காலையில் ப்ரூஃப் மேஜைக்குப் போகும். பச்சைப் பென்சில் விழும். விழுந்த வரி பிடுங்கப்படும். கோத்த வரிக்கு இரண்டே வழிதான் என்று எங்களுக்குப் பிறகு புரிந்தது. தாளுக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் ஊருக்குள் வர வேண்டும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அச்சாபீஸுக்கு அடுத்தது என் தையல் கடை. மாடியில் எங்கள் வீடும் அண்ணாச்சி வீடும் ஒரே சுவர். அந்தப் பக்கம் பேசுவது காதில் விழக்கூடாது என்றால் நான் மெஷினை மிதிக்க வேண்டும். எல்லா நேரமும் மிதித்துக்கொண்டிருக்க என்னால் முடியுமா?

அடுத்த செவ்வாய் பசி வந்தது. கதையில் ஒரு மருமகள் கொதிக்கக் கொதிக்கச் சோற்றை வடித்து, யாருக்காகவும் காத்திருக்காமல் நெய் விட்டுச் சாப்பிட்டுவிட்டாளாம். அண்ணாச்சி அதை வெட்டிவிட்டார். அன்றைக்கு மத்தியானம் கடையைப் பூட்டிக்கொண்டு சாப்பிட வந்த ஆண்கள் கவிழ்த்து வைத்த பானையைத்தான் பார்த்தார்கள். அதற்கடுத்த செவ்வாய் பூ வந்தது. கதையில் தாலியறுத்த ஒருத்தி கதம்பம் வைத்துக்கொண்ட வரி அது, எங்கள் ஊரில் கணவனை இழந்தவர்கள் எல்லாரும் பூக்காரி கூடையைக் காலி பண்ணிவிட்டு, தலை கனக்கக் கோயில் தெருவில் நடந்தார்கள், வெட்டிய வரியாக வந்ததை யார் என்ன சொல்ல முடியும்? அப்புறம் சீழ்க்கை வந்தது, அப்புறம் ஒரு அறை வந்து தாசில்தார் கன்னத்தில் விழுந்தது, அப்புறம் மத்தியானத் தூக்கம் வந்து ஊர் முழுக்கப் பாத்திரம் கழுவாமல் கிடந்தது.

ஊரும் பழகிக்கொண்டது. செவ்வாய்க்கிழமை பெண் பார்க்க யாரும் வருவதில்லை என்று ஆயிற்று. ஓட்டலில் அன்றைக்கு மட்டும் இரண்டு உலை கூடப் போட்டார்கள். பள்ளிக்கூடத்தில் ஆண் வாத்தியார்களை வைத்தே பாடம் நடத்தினார்கள். நாங்களோ காலையிலேயே குளித்து, தலையைப் பின்னிக்கொண்டு, அச்சாபீஸ் வாசல் வழியாகத் தண்ணீர் எடுக்கப் போகிற சாக்கில், "ஏ இசக்கிமுத்து, இன்னைக்கு என்னத்த வெட்டியிருக்காவ?" என்று கேட்டுவிட்டுப் போவோம். கோயிலில் அந்த வாரத்துப் பிரசாதம் என்ன என்று கேட்பது மாதிரிதான் கேட்டோம்.

வந்ததெல்லாம் நன்றாக இருந்தது என்று சொன்னால் பொய். ஒரு செவ்வாய் கதையிலிருந்து ஒரு தாய் தன் பிள்ளையைப் பிடிக்கவில்லை என்று நினைத்த வரி வெட்டுப்பட்டது. அன்றைக்குத் தொட்டில்களில் பிள்ளைகள் கத்தக் கத்த நாங்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். விளக்கு வைத்ததும் ஓடிப்போய் அள்ளியெடுத்துக்கொண்டு அழுதோம். அந்த ஒரு நாளைப் பற்றி நாங்கள் எங்களுக்குள்ளேகூடப் பேசியதில்லை.

இவ்வளவு வந்தும் ஒருத்திக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. அண்ணாச்சியின் மனைவி உலகம்மாள், எனக்கு அண்ணி முறை, மைனி என்றுதான் கூப்பிடுவேன். ஊரே சிரித்த அன்றைக்கு அவள் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். ஊரே தின்ற அன்றைக்கு இலை போட்டு, அண்ணாச்சி கைகழுவி வருகிறவரை சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். அண்ணாச்சிக்கு அதில் ஏகப் பெருமை. "பத்திரிகைக்குப் பேர் வச்சதே எங்க வீட்டப் பாத்துத்தான்," என்று கடைவீதியில் சொல்லிக்கொண்டு திரிந்தார். மரக்கட்டைக்கு என்ன வரும் என்று எங்களில் சிலர் மைனியைக் கேலி செய்ததும் உண்டு. நான் செய்யவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் செவ்வாய்க்கிழமைகளில் அவள் அடுப்படிக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டே இருப்பது எனக்குக் கேட்கும்.

இப்படியிருக்கும்போதுதான் சுந்தரவடிவு டீச்சர் 'மனைச்சுடரில்' எழுதிவந்த தொடர் முடிகிற வாரம் வந்தது. டீச்சர் எங்கள் ஊர்ப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதற்காக வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை. அவள் கதையின் நாயகி செவ்வந்தி கடைசி அத்தியாயத்தில் ஒரு பையில் இரண்டு சேலையை வைத்துக்கொண்டு வீட்டை விட்டுப் போகிறாள். புருஷன் குடிகாரன் இல்லை, கைநீட்டுகிறவன் இல்லை, வேறொருத்தி இல்லை, மாமியாரும் தங்கமானவள். போகிறாள், அவ்வளவுதான். இசக்கிமுத்து வழக்கம்போல வந்தபடியே கோத்துவிட்டான். கோத்து முடித்த பிறகுதான் என்ன கோத்திருக்கிறோம் என்று அவனுக்கு உறைத்தது. எழுத்துக் கோக்கிற ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டு நேரே வீட்டுக்குப் போய் பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டானாம்.

திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. தாளுக்குப் போகாவிட்டால் ஊருக்குள் வரும். சிரிப்பு வந்தால் சிரித்துவிட்டு அடங்கலாம், பசி வந்தால் தின்றுவிட்டு அடங்கலாம். கிளம்பிப் போய்விட்டவள் விளக்கு வைக்கிற நேரத்துக்கு எந்த ஊரில் இருப்பாளோ, திரும்புவாளோ மாட்டாளோ, அதை யாரால் சொல்ல முடியும்?

முதலில் ஆண்கள் வந்தார்கள். முன்வாசல் வழியாக, சட்டை போட்டுக்கொண்டு, வியாபாரிகள் சங்கத் தலைவரை முன்னால் விட்டுக்கொண்டு வந்தார்கள், என் வீட்டுக்காரரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். போன வருஷம் ஒரு கதையில் நாயகி 'போய்யா' என்று சொல்லிவிட்டாள் என்பதற்காகப் பத்திரிகையை நடுத்தெருவில் கொளுத்துவேன் என்று நின்றவர் அந்தத் தலைவர்.

"அண்ணாச்சி, அந்தப் புள்ள போகட்டும்," என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "பேப்பர்லதான போறா, போயிட்டுப் போறா. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், பென்சிலத் தொடாதீய."

அவர்கள் போனதும் நாங்கள் பின்வாசல் வழியாகப் போனோம். ஆவுடையம்மாள் ஒரு தூக்குவாளி நிறைய முறுக்கு கொண்டுவந்திருந்தாள்.

"வெட்டிருங்க அண்ணாச்சி," என்றாள். "குடும்பம் நடத்துதவ படிக்கிற பத்திரிகை. இப்படி ஒருத்தி காரணமில்லாம வீட்ட விட்டுப் போகலாமா? அசிங்கம்லா?"

"ஆமா அண்ணாச்சி, கெட்டுப்போவாவல்லா எல்லாரும்," என்று நானும் சொன்னேன். எந்த முகத்தோடு ஒழுக்கம் பேசினோம் என்று இப்போது சிரிப்பு வருகிறது.

அண்ணாச்சி டீச்சர் வீட்டுக்கு ஓடினார். போனவர் முகம் வெளுத்துத் திரும்பி வந்து மைனியிடம் சொன்னது சுவர் வழியாகக் கேட்டது.

"காரணம் ஒண்ணு போடுங்க டீச்சர்னேன். குடிகாரன்னு போடுங்க, கைநீட்டுவான்னு போடுங்க, வெட்டாம விட்டுருதேன்னேன். அதுக்கு டீச்சர், அவன் நல்லவன்தான் அண்ணாச்சி, அவளுக்குப் போகணும் போல இருந்துச்சு, போறா, அவ்வளவுதான்னு சொல்லுதா. போகணும் போல இருந்தா போயிரதான்னு கேட்டேன். போன மாசம் நீங்க குத்தாலம் போனீயளே, யார்ட்ட காரணம் சொல்லிட்டுப் போனீயன்னு கேக்கா."

மைனி இலை போடுகிற சத்தம் கேட்டது.

"போட்டா சீர்ல வாங்கினவன் பூரா சந்தாவ நிறுத்திருவான்," என்றார் அண்ணாச்சி. "வெட்டினா ஊரு காலியாயிரும். நான் என்னத்தச் செய்ய?"

"வெட்டிருங்க," என்றாள் மைனி.

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரிடம் இன்னதைச் செய்யுங்கள் என்று சொல்லி நான் கேட்டதேயில்லை. அவரும் கேட்டதில்லை போலிருக்கிறது.

"வெட்டினா நீயும் போயிருவியோ?"

"தெரியல. எனக்குத்தான் ஒண்ணுமே வந்ததில்லையே. எல்லாரும் சிரிச்சப்ப நான் அடுப்படில நின்னு வருதா வருதான்னு பாத்தேன். பசி வருதான்னு பாத்தேன். கோவமாவது வருதான்னு பாத்தேன். உள்ள ஏதாவது கெடக்கா, இல்ல ஒண்ணுமே இல்லாமப் போச்சான்னு எனக்குத் தெரியணும். இது பெரிசு. இதுவும் வரலன்னா அப்புறம் எனக்கு எதுவும் வராது."

அண்ணாச்சி அன்றைக்குச் சாப்பிடவில்லை. அவருக்குப் பயம். அவள் போய்விடுவாளோ என்று பாதிப் பயம், வராமலே போய்விடுமோ என்று மீதிப் பயம். கெட்ட மனிதர் இல்லை அவர், அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்; ஒரு பெண் தன்னிடம் முதல்தடவையாக ஒன்றைக் கேட்கிறாள், அது தன்னை விட்டுப் போவதற்கான வழியாக இருக்கிறது, அதைக் கொடுப்பதா வேண்டாமா என்று எந்த மனிதனுக்குத்தான் சட்டென்று தெரியும்? செவ்வாய்க்கிழமை காலையில் ப்ரூஃப் மேஜையில் உட்கார்ந்தார். வெட்டினார். அந்த இடத்தில், 'செவ்வந்தி வாசல்வரை வந்தாள்; தான் காலையில் போட்ட கோலத்தைப் பார்த்தாள்; மனம் மாறி உள்ளே போனாள்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அச்சாபீஸைப் பூட்டாமலே மாடிக்கு ஏறிப்போய் மைனிக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார்.

வெயில் சாய்ந்த பிறகுதான் வந்தது; எனக்கு எப்படி வந்தது என்று கேட்டால், காலில் வந்தது. ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன், ஊசி பாதி துணியில் நிற்கிறது, கால் எழுந்துவிட்டது. யார் மேலும் கோபம் இல்லை, வருத்தம் இல்லை. ஒரு பையை எடுத்தேன், இரண்டு சேலை வைத்தேன், சீப்பு வைத்தேன், என்னவோ தோன்றி அளவு டேப்பையும் வைத்தேன். என் வீட்டுக்காரர் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"எங்க போற?"

"போறேன்."

"நான் என்ன செஞ்சேன்?"

"நீங்க ஒண்ணும் செய்யலியே," என்றேன், அவர் கையை மெதுவாக எடுத்துவிட்டு இறங்கிவிட்டேன். அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது, ஆனால் பாவமாக இருப்பது வேறு, போவது வேறு என்று அன்றைக்கு எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரு முழுக்கப் பைகள், பைகளுக்கு மேல் பெண்கள், தாழ்ப்பாள் போட்ட வீடுகளிலிருந்தும் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள், இடுப்பில் பிள்ளை இருந்தவர்கள் பிள்ளையைப் புருஷன் தோளில் மாற்றிவிட்டு வந்துகொண்டிருந்தார்கள், ஒருவரும் ஓடவில்லை, ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை, நான் மட்டும் பழக்கதோஷத்தில் மேலே பார்த்தேன். மாடி ஜன்னலில் உலகம்மாள் மைனி உட்கார்ந்திருந்தாள். குங்குமக் கலர் சேலை, படிய வாரிய தலை, மடியில் பை.

"மைனி, வாங்க!" என்று கத்தினேன்.

"ஏட்டி, நீ போ," என்றாள். "எனக்கு இன்னும் வரல."

திருநெல்வேலி பஸ் எங்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது, அதற்குப் பின்னால் இன்னொன்று, தென்காசிப் பக்கம் ஒன்று. ஜன்னல் காற்றில் எங்கள் எல்லாருக்கும் தலை கலைந்தது, யாரும் அதைச் சரிசெய்யவில்லை. எங்கே இறங்குவது என்று யாரும் பேசவில்லை. டீச்சர் நடத்திய பூகோளத்தில் உள்ள ஊர்கள் எல்லாம் அந்த ரோட்டின் கடைசியில் இருக்கிற மாதிரி எனக்குத் தோன்றியது. ஆலங்குளம் தாண்டியதும் கண்டக்டர் பஸ்ஸுக்குள் விளக்கைப் போட்டான், வந்தது எங்களை விட்டுப் போய்விட்டது. மடியில் பையோடு உட்கார்ந்திருக்கிற எங்களை நாங்களே பார்த்தோம். அடுப்பு, பிள்ளை, கொடியில் கிடக்கிற துணி எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. இறங்கினோம், ரோட்டைக் கடந்தோம், எதிர்ப் பக்கம் வந்த செங்கோட்டை பஸ்ஸில் ஏறினோம். எனக்கு அழுகை வந்தது. திரும்புகிறேன் என்பதற்கா, கிளம்பினேன் என்பதற்கா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் ஆண்கள் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்கள். நாங்கள் இறங்கினோம். கடைசி ஆள் இறங்கியதும், கூட்டத்தை விலக்கிக்கொண்டு உலகம்மாள் மைனி வந்து, நாங்கள் இறங்கிய அதே படியில் கால் வைத்தாள். அவளுக்குப் பின்னால் அண்ணாச்சி, சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு.

"ஏ மைனி, இப்பத்தான் வந்துச்சா ஒங்களுக்கு?" என்று ஆவுடையம்மாள் கேட்டாள்.

"வரல்லட்டி," என்றாள் மைனி. "விளக்கு வைக்கிற வரைக்கும் பாத்தேன், வரவேயில்ல. அதான் கெளம்பிட்டேன்."

அண்ணாச்சி பஸ்ஸுக்கு வெளியே அவள் உட்கார்ந்த ஜன்னலோரமாகப் போய் நின்றார். எத்தனையோ நாயகிகளுக்கு எத்தனையோ நல்ல வரி எழுதிக் கொடுத்த அவருக்கு அன்றைக்கு ஒரு வரி வரவில்லை. "எப்ப வருவ?" என்று மட்டும் கேட்டார். மைனி யோசித்துப் பார்த்தாள், உண்மையாகவே யோசித்தாள், "தெரியலயே," என்றாள். அப்புறம், "சோறு வடிச்சிருக்கு. கொழம்பு நீங்கதான் வைக்கணும்," என்றாள்.

விசில் கொடுத்தார்கள். பஸ் நகர்ந்தது. நாங்கள் யாரும் வீட்டைப் பார்த்து நடக்கவில்லை, பைகளைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸையே பார்த்துக்கொண்டு நின்றோம். அப்போது ஆவுடையம்மாள் ஓடினாள். வெட்டிய வரி எதுவும் அவளுக்குள் அப்போது இல்லை, விளக்கு வைத்து நேரமாகியிருந்தது. ஓடிப்போய் பஸ்ஸின் பக்கத் தகரத்தில் உள்ளங்கையால் பட்பட்டென்று அடித்து, "நிறுத்துய்யா வண்டிய!" என்றாள். அவள் புருஷன் போஸ்ட்மாஸ்டர் ஒரு அடி முன்னால் வந்து நின்றார். பஸ் நின்றது, அவள் ஏறினாள், போனது.

நான் ஏறவில்லை. ஆனால் கொண்டுபோன பையை இன்றைக்குவரைக்கும் பிரிக்கவில்லை, அது எங்கள் வீட்டில் கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. காலையில் என் வீட்டுக்காரர்தான் இப்போது வீடு கூட்டுகிறார். கதவுப் பக்கம் வந்ததும் பையைத் தூக்கிக் கட்டிலில் வைக்கிறார், அந்த இடத்தைச் சுத்தமாகக் கூட்டுகிறார், ஒன்றும் கேட்காமல் திரும்ப எடுத்துக் கதவுக்குப் பக்கத்திலேயே வைக்கிறார்.